ஒண்டி முனியப்பன்

ஃப்ரிட்ஜின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டுகிறார் முனியப்பன், படுத்திருக்கும் மாட்டை எழுப்புவது போல. சுமை தூக்கும் பெல்ட்டை அடியில் கொடுத்துச் சுற்றுகிறார், இழுத்துப் பார்க்கிறார், செருப்பைக் கழற்றி முதல் படியின் ஓரத்தில் ஜோடியாக வைக்கிறார், முதுகைக் கொடுத்துக் குந்துகிறார். வீட்டுக்காரர் நல்ல மனிதர். சும்மா நிற்கக் கூசி, ஒரு கை கொடுக்கலாமே என்று கையை நீட்டுகிறார். வந்தது வினை.

"கைய எடு சார்! எடுன்றேன்ல! ஏனூ பேடா சார், ஒண்ணும் வேணாம். சும்மா நில்லுங்க, அதுவே போதும்!"

தமிழில் கிளம்பிக் கன்னடத்தில் வளைந்து மறுபடி தமிழுக்கே திரும்புகிற அந்த அதட்டலில், வீட்டுக்காரர் தன் வீட்டு வாசலிலேயே அந்நியர் போல ஒதுங்கி நிற்கிறார். முனியப்பன் எழுந்துகொள்கிறார். ஃப்ரிட்ஜ் அவர் முதுகில் ஏறி, இரும்புச் சுருள் படியில் ஒவ்வொரு சுற்றாக மேலே போகிறது. கீழே இருந்து பார்ப்பவர்களுக்கு ஃப்ரிட்ஜுக்கே கால் முளைத்த மாதிரி இருக்கும். நடுவில் எங்கும் நிற்க மாட்டார். மேலே போய் இறக்கி வைத்து, சொன்ன மூலையில் தள்ளிவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி இறங்கி வருவார். வீட்டு அம்மாள் சொம்பில் தண்ணீர் நீட்டினால் அதற்கும் "பேடாம்மா." டீ போட்டு வைத்திருக்கிறோம் என்றால் முகம் இன்னும் கடுத்துவிடும். கையோடு கொண்டுவந்த சொந்த பாட்டிலைத் திறந்து, தெருவில் நின்று, அண்ணாந்து குடிப்பார்.

வீட்டுச் சாமான் விற்கும் கடையில் அவருக்கு வேலை. விற்றதைக் கொண்டுபோய் மாடி ஏற்றிக் கொடுக்க வேண்டும். ஸ்ரீராம்புரத்தில் வீடு என்பது ஓர் அறையின் தலையில் இன்னோர் அறையை உட்கார வைத்தது. மேலே போக வெளிப்பக்கம் ஒரு சுருள் படி. அந்தப் படியைப் போட்ட புண்ணியவான்கள், இங்கே குடியிருக்க வருகிறவன் ஒல்லியாகவே இருப்பான், பீரோ வாங்க மாட்டான், நோயில் விழ மாட்டான், செத்தாலும் நடந்தே இறங்கிப் போவான் என்று நினைத்திருக்க வேண்டும். வாடகை வாங்க மட்டும் மாதம் பிறந்ததும் தவறாமல் ஏறி வருகிறார்கள். இந்த மாதிரிப் படியில் பழக்கமில்லாத ஒரு கை பட்டால் எடை ஒரு பக்கமாகச் சாயும்; சாய்ந்தால் தூக்குகிறவன் கதி அதோகதி. ஆகவே வீட்டுக்காரர்களை விரட்டுவதில் முனியப்பனுக்கு நியாயம் உண்டு. சொம்புத் தண்ணீர் எந்தப் பக்கம் சாயும் என்றுதான் தெரியவில்லை.

ஆள் குட்டை. கழுத்தும் தோளும் எங்கே பிரிகின்றன என்று தேட வேண்டும். கடை பேர் போட்ட டீ-ஷர்ட் முழங்கால் வரை தொங்கும். அறுபதை நெருங்குகிறார். தெருவில் யார் வீட்டுக்குக் கட்டில் வந்தாலும், கூப்பிடும் முன்பே போய் நிற்பார். தூக்கிப் போட்டுவிட்டு, நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விடுவார். உதவி செய்வதில் தெருவில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வாங்கிக்கொள்வதில் அவரைப் போலக் கஞ்சன் ஊரிலேயே இல்லை. இதைப் பெருந்தன்மை என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. அவர் மனைவி ஜெயலக்ஷ்மி மட்டும் ஒப்புக்கொண்டதில்லை.

"பெருந்தன்மையாம். திமிருய்யா அது, சுத்தத் திமிரு" என்பார் ஜெயலக்ஷ்மி.

திமிருக்கு ஒரு காரணம் இருந்தது. அதன் பெயர் நாராயணசாமி. அதே கட்டிடத்தில் தரைத்தளம். சொந்தமாக ஒரு லக்கேஜ் ஆட்டோ. முனியப்பனின் மகள் ஷ்ரேயா பிறக்க வேண்டிய நாளில் பேய்மழை. தெருவில் முழங்காலளவு தண்ணீர். எந்த ஆட்டோவும் வர மறுத்தபோது, இந்த நாராயணசாமிதான் தன் வண்டியின் பின்னால் மெத்தையை விரித்து, ஜெயலக்ஷ்மியை ஏற்றி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் அந்த மனிதர் அதோடு விடவில்லை. ஷ்ரேயா தவழ்ந்தால் சொன்னார், பள்ளிக்கூடம் போனால் சொன்னார், பரீட்சையில் பாஸானால் சொன்னார். "அன்னிக்கு மட்டும் நம்ம வண்டி இல்லன்னா..." என்று அவர் ஆரம்பிக்கும்போது முனியப்பனின் காது மடல் சிவக்கும். செய்ததைச் சொல்லிக் காட்டுகிறவனை அவரால் சகிக்க முடியாது. கடன் வாங்கினால் திருப்பிக் கொடுத்துத் தொலைக்கலாம். இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

ஷ்ரேயாவின் நிச்சயதார்த்தப் பந்தியில், மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நாராயணசாமி பாயச வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, இந்தப் பொண்ணு கண்ணு முழிச்சதே என் லக்கேஜ் ஆட்டோ புண்ணியத்துல" என்றார். பெண்ணைப் பெற்றவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்தார். அன்றோடு பேச்சு நின்றது. ஷ்ரேயா கல்யாணமாகி ஓசூருக்குப் போய், அவள் பிள்ளையே இப்போது பள்ளிக்கூடம் போகிறான். முனியப்பனும் நாராயணசாமியும் ஒரே கேட்டில் நுழைந்து, ஒரே மோட்டார் தண்ணீரைக் குடித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாழப் பழகிவிட்டார்கள்.

நாராயணசாமி மீதிருந்த எரிச்சல் அவரோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்து மாட்டிக்கொண்டவர் மைக்கேல்ராஜ். கடையில் முனியப்பனுக்கு ஜோடி. பெல்ட் என்பதே உண்மையில் இரண்டு பேருக்கானது: ஒவ்வொரு முனையிலும் ஒரு வளையம், வளையத்துக்கு ஒரு தோள், நடுவில் சாமான். ஒருநாள் கடையில் எல்லோர் முன்னாலும் மைக்கேல்ராஜ், "நான் அடியில புடிக்கலன்னா இவன் அம்பேல்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். முனியப்பன் நேரே முதலாளியிடம் போனார். "நாளையிலிருந்து ஒண்டியாவே பாத்துக்கறேன். எனக்கு யாரும் வேணாம்." ஒருத்தன் இரண்டு பேர் வேலையைச் செய்கிறேன் என்று தானாக வந்து நின்றால் எந்த முதலாளிக்குக் கசக்கும்? மைக்கேல்ராஜுக்கு வேலை போனது. இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ ஒரு அப்பார்ட்மென்டில் காருக்குக் கார் சல்யூட் வைத்துக் கேட் திறக்கிறார். அவருடைய வளையத்தை முனியப்பன் முடிச்சுப் போட்டு, பெல்ட்டைத் தன் ஒருவன் முதுகுக்கு அளவாகச் சுருக்கிக்கொண்டார். வேர்வையும் அழுக்கும் குடித்து அந்த முடிச்சு கல்லாகிவிட்டது. 'ஒண்டி' முனியப்பன் என்ற பட்டப்பெயர் அன்று வந்ததுதான். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்குப் பெருமை.

இந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவர் ஜெயலக்ஷ்மி. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தவர், துடைத்த தரையில் தானே வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். தையல் பிரித்த பிறகு சர்க்கார் ஆஸ்பத்திரியின் பிசியோ மேடம் முனியப்பனைக் கூப்பிட்டுச் சொன்னார். "வாரத்துக்கு ரெண்டு தடவை கூட்டிட்டு வரணும். மெதுவா மடக்கிப் பழக்கணும். விட்டுட்டா முட்டி இறுகிடும், அப்புறம் இவங்க படியே ஏற மாட்டாங்க."

படி ஏற முடியாதவருக்கு ஸ்ரீராம்புரத்தில் வீடு ஏது? முனியப்பனின் வீடு உச்சி மாடி.

தெருவில் இந்த மாதிரிக் காரியத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளியை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து இறக்குவார்கள். வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளையாவது ஓடி வருவான். முனியப்பனே எத்தனையோ பேரை அப்படி இறக்கியிருக்கிறார். தன் மனைவி என்று வந்தபோது அவர் யாரையும் கூப்பிடவில்லை. நாற்காலியில் ஜெயலக்ஷ்மியை உட்கார வைத்தார். பெல்ட்டை எடுத்தார். அடியில் கொடுத்துச் சுற்றினார், இழுத்துப் பார்த்தார், நாற்காலியின் முதுகோடு தன் முதுகை ஒட்டிக் குந்தினார், எழுந்துகொண்டார். கிளம்பும் முன் நாற்காலியின் பக்கத்தில் இரண்டு தட்டுக்கூடத் தட்டினார். பழக்கதோஷம்.

ஜெயலக்ஷ்மி அன்று இறங்கியது முழுக்கப் பின்பக்கமாக. முன்னால் நீட்டிய கால், இறங்கி வந்த படிகளை நோக்கி. கைப்பிடிக் கம்பியில் பாதம் இரண்டு மூன்று முறை மோதியது. தெருவே வாசலில் நின்று பார்த்தது. உதவிக்கு வந்தவர்களை முனியப்பன், "யாரும் தொடாதீங்க" என்று ஓட்டிவிட்டார். ஆஸ்பத்திரி போய்த் திரும்பி, அதே மாதிரி மேலே வந்து, வீட்டுக்குள் இறக்கி வைத்ததும் ஜெயலக்ஷ்மி வாயைத் திறந்தார்.

"நான் இன்னா உன் கடை வாஷிங் மெஷினா?"

"வலிச்சுதா?"

"வலி கிடக்குது. கட்டற, தூக்கற, தட்டற. ஃப்ரிட்ஜுக்காவது 'எங்க வெக்கறது'ன்னு வீட்டுக்காரனைக் கேக்கற. என்னை ஒரு வார்த்தை கேட்டியாய்யா? ஆளு உக்காந்திருக்கான்னு நெனப்பாவது இருந்துச்சா?"

"பத்திரமா கொண்டாந்தேன்ல?"

"டேமேஜ் இல்லாம கொண்டாந்துட்டேன்னு கையெழுத்து போட்டுத் தரட்டுமா?"

அடுத்த தடவை ஜெயலக்ஷ்மி வர மறுத்துவிட்டார். அதற்கடுத்த தடவையும். கெஞ்சினார் முனியப்பன், கத்தினார், தட்டைத் தூக்கி எறிந்தார். ஜெயலக்ஷ்மி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "ஆளுங்களைக் கூப்புடு, வரேன். ஒண்டியா தூக்கறதா இருந்தா என்னைப் பொணமாத்தான் தூக்கணும்." பிசியோ மேடம் போனில் திட்டினார். முட்டி ஏற்கெனவே மரம் போல ஆகத் தொடங்கியிருந்தது. ஜெயலக்ஷ்மி தனியாக இருக்கும்போது அதை மடக்கிப் பார்த்துவிட்டு, முடியாமல், புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அதை முனியப்பன் பார்த்துவிட்டார். பார்த்தும் கீழே போய் ஒரு ஆளைக் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை என்றால் அந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது? நம் ஊரில் இதற்கு ரோஷம் என்று ஓர் அழகான பெயரை வைத்துக்கொண்டு அடுத்தவர் காலில் விளையாடுகிறோம்.

கடைசியில் ஜெயலக்ஷ்மிதான் இறங்கி வந்தார். தன் காலை நினைத்து. "கட்டித் தொலை" என்றார் ஒரு காலையில்.

அன்று இறங்கும்போது, முதல் மாடி நடைக்கு இன்னும் சில படிகள் இருக்கையிலேயே முனியப்பன் நின்றுவிட்டார். அவர் எங்கும் நிற்காதவர். வலது முழங்கால் மடங்கவில்லை. பல நாளாகவே அது உள்ளே நெருடிக்கொண்டிருந்தது. அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அது பூட்டிக்கொண்டது. கீழே இறங்க முடியாது, மேலே ஏற முடியாது, முதுகில் இருப்பதை இறக்கி வைக்க இடம் இல்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாயா ஆச்சு?" என்றார் ஜெயலக்ஷ்மி, முதுகுக்குப் பின்னாலிருந்து.

"ஒண்ணும் இல்ல. சும்மா இரு."

"ஒண்ணும் இல்லன்னா ஏன் நிக்கற?"

"மூச்சு வாங்கிக்கறேன்."

"நீயா? முட்டி புடிச்சுக்கிச்சா?"

முனியப்பன் பிடரியிலிருந்து வேர்வை பெல்ட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பிச் சந்து வழியாகக் கீழே தெரிந்தது: நாராயணசாமி ஈரத் துணியால் தன் லக்கேஜ் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைக்கிறார். மேலே பார்க்கக் கூடாது என்று கழுத்தை விறைப்பாக வைத்திருப்பதிலேயே அவர் எல்லாம் பார்த்துவிட்டது தெரிந்தது. வேறு ஆண்கள் வேலைக்குப் போய்விட்ட நேரம்.

"கீழ நாராயணசாமி அண்ணன் இருக்காரு. கூப்புடு" என்றார் ஜெயலக்ஷ்மி.

"அவனையா? அதுக்கு இங்கிருந்து குதிச்சிடுவேன்."

"குதி. என்னைக் கழட்டி வெச்சிட்டுக் குதி."

"ஏய், நேரங்காலம் தெரியாம பேஜார் பண்ணாதே. கொஞ்சம் இரு, சரியாயிடும்."

சரியாகவில்லை. நாற்காலி லேசாக ஒரு பக்கம் இறங்கியது. ஜெயலக்ஷ்மியின் குரல் தணிந்தது. கத்துவதைவிட அது மோசமாக இருந்தது.

"நல்லா கேட்டுக்கய்யா. நான் கூப்புட மாட்டேன். நான் கத்துனா, பொம்பள பயந்துட்டா, கத்திட்டா, அதனால வந்தாங்கன்னு ஆயிரும். நாளைக்கும் என்னை இப்படியேதான் கட்டுவ. நீ கூப்புடு. உன் வாயால கூப்புடு. இல்லையா, ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் இப்படியே இருக்கலாம். எனக்கென்ன, நான் உக்காந்துட்டுதான் இருக்கேன்."

முனியப்பனின் வலது தோளில் பெல்ட் நழுவியது. அரை விரல்கடைதான். ஆனால் எத்தனையோ வருஷமாகச் சுமை தூக்கியவருக்கு அந்த அரை விரல்கடை என்னவென்று தெரியும். முதன்முறையாக அவருக்குப் பயம் வந்தது. பயத்தோடு ஆத்திரமும் வந்தது. முழங்கால் மீது, படி மீது, இத்தனைக்கும் நடுவே துணியைப் பிழிந்துகொண்டு நிற்கிறவன் மீது. அந்த ஆத்திரத்திலேயே அவர் கூப்பிட்டார். வேறு விதமாகக் கூப்பிட அவருக்குத் தெரியாது.

"யோவ் நாராயணசாமி! கண்ணு அவிஞ்சா போச்சு? மனுஷன் இங்க தொங்கிட்டு இருக்கறான், வண்டி துடைக்கறயே! மேல வாய்யா! வந்து புடி!"

தெருவே கேட்டது. நாராயணசாமி துணியைத் தூக்கிப் போட்ட இடம் சாக்கடை. இரண்டிரண்டு படியாகத் தாவி வந்து முனியப்பனுக்குக் கீழ்ப்படியில் நின்றார். மூச்சு இரைத்தது.

"எங்க புடிக்கறது? சொல்லு."

"சேரோட பின்காலு. ரெண்டு பக்கமும். என் இடுப்பைச் சுத்திக் கைய விடு. இழுக்காத, தாங்கு."

சுருள் படியில் வேறு வழியில்லை. நாராயணசாமி முனியப்பனைக் கட்டிப் பிடிப்பது போல இரு பக்கமும் கையை விட்டு, நாற்காலிக் கால்களைப் பிடித்து, தாங்கினார். வருஷக்கணக்காக முகம் பார்க்காத இருவருக்கும் மூக்கோடு மூக்கு இடித்தது. நாராயணசாமி வாயில் காலையில் போட்ட வெற்றிலை வாசனை. முனியப்பன் தோளிலிருந்து பாரம் குறைந்தது. தன் முதுகில் ஏறிய எடை தானாகக் குறைவதை அவர் வெகுகாலமாக அறிந்ததில்லை. ஒரு கணம் ஏதோ அறுந்து விழுந்துவிட்டது என்றே நினைத்துத் திடுக்கிட்டார்.

"எனக்குப் பின்னால படி தெரியல, முனியப்பா. நீதான் சொல்லணும்" என்றார் நாராயணசாமி.

"கால கீழ விடு. இன்னும். ஆ, அங்கதான். இப்ப அடுத்தது. வெளிப்பக்கமா வை, உள்பக்கம் படி சிறுசு."

ஒருவர் தாங்க, ஒருவர் வழி சொல்ல, பூட்டிய காலை முனியப்பன் கட்டையைப் போல இழுத்து இழுத்து வைக்க, முதல் மாடி நடைக்கு வந்து நாற்காலியை இறக்கினார்கள். அங்கிருந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கீழே. ஜெயலக்ஷ்மி இந்த முறை முன்பக்கம் பார்த்து, மகாராணி மாதிரி இறங்கினார். அதே லக்கேஜ் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிசியோ மேடம் ஜெயலக்ஷ்மியின் முட்டியை மடக்கியபோது அவர் போட்ட கூச்சலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. ஆனால் முட்டி கொஞ்சம் மடங்கியது. முனியப்பனின் முழங்காலையும் அமுக்கிப் பார்த்துவிட்டு மேடம் சொன்னார், "இனிமே ஒண்டியா எதையாவது தூக்கினீங்கன்னா பக்கத்து பெட்டு உங்களுக்குத்தான்."

திரும்பி வந்து அதே மாதிரி இருவருமாக ஜெயலக்ஷ்மியை மேலே ஏற்றினார்கள்; சாயங்காலத்துக்குள் கதை தெருமுனைக்குப் போய்விட்டது. டீயும் பன்னும் பீடியும் விற்கிற காண்டிமென்ட்ஸ் கடை வாசலில் நாராயணசாமி கையை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் மட்டும் அடியில புடிக்கலன்னு வெச்சுக்கோ..." மாடியிலிருந்து முனியப்பனுக்கு அது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. காது மடல் சிவந்தது. பல்லைக் கடித்தார்.

"பாத்தியா? பாத்தியா அந்த நாயை? இதுக்குத்தான் கூப்புட மாட்டேன்னேன். இனிமே சாகற வரைக்கும் இதையே சொல்லுவான்."

ஜெயலக்ஷ்மி நீட்டிய காலைத் தடவிக்கொண்டே சொன்னார். "சொல்லட்டுமே. செஞ்சது நெஜந்தானே? அன்னிக்கு வண்டி எடுத்ததும் நெஜம், இன்னிக்குப் புடிச்சதும் நெஜம். கேட்டா உன் காது ஒண்ணும் ஒடிஞ்சிடாது. ஒடிஞ்சது என் காலு."

"உனக்குத் தெரியாது..."

"எல்லாம் தெரியும். அம்மாம் பெரிய ஃப்ரிட்ஜை ஒண்டியா தூக்கற. அடுத்தவன் ஒரு வார்த்தை சொன்னா அதைத் தூக்கத் தெம்பு இல்ல. இதுல ஊர் முழுக்கப் பலசாலின்னு பேரு வேற. த்தூ!"

முனியப்பன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் நொண்டிக்கொண்டே கடைக்குப் போனார். ஏற்ற வேண்டிய ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியோடு நின்றது. "இன்னொரு ஆளு வேணும்" என்றார். முதலாளி சிரித்தார். "ஏன் முனியப்பா, நீதானே ஒண்டி?" முனியப்பன் சிரிக்கவில்லை. அட்டைப்பெட்டியைத் தொடாமல், பக்கத்தில் கிடந்த மிக்ஸிப் பெட்டி மேல் உட்கார்ந்தார். "இருந்தேன். என்னால உங்களுக்கு ஒரு ஆள் கூலி மிச்சம், மைக்கேல்ராஜுக்கு பொழப்பு போச்சு. இனிமே ஆளு வந்தா சாமான் ஏறும். இல்லன்னா இது இங்கயே நிக்கட்டும்." வாங்கியவர்கள் போன் மேல் போன் போட்டார்கள். முதலாளி மிரட்டினார், குழைந்தார், கடைசியில் குடோனிலிருந்து ஓர் ஆளை அனுப்பினார். உதவி கேட்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்றுதான் முனியப்பன் அதுவரை நினைத்திருந்தார். சட்டமாக உட்கார்ந்துகொண்டும் கேட்கலாம் என்று அன்று தெரிந்தது.

மைக்கேல்ராஜுக்கும் போன் செய்தார். அவர் அப்பார்ட்மென்ட் கேட் அருகே நின்றபடி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். முனியப்பன் கடைசிவரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "திட்டி முடிச்சிட்டியா? இங்க இடம் இருக்குது. யோசிச்சு சொல்லு" என்று மட்டும் சொன்னார். மைக்கேல்ராஜ் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த ஆஸ்பத்திரி நாள் வந்தது. காலையில் முனியப்பன் கதவருகே வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"தூக்கலாமா?"

ஜெயலக்ஷ்மி நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடமிருந்து வந்த முதல் அனுமதிக் கேள்வி அது. அவசரப்பட்டு வீணாக்க அவருக்கு மனமில்லை. "இரு, தலை வாரிக்கறேன்" என்றார். முனியப்பன் காத்திருந்தார்.

காத்திருக்கும் நேரத்தில் கீழே போய் முதல் படியில் உட்கார்ந்து பெல்ட்டின் முடிச்சைப் பிரிக்கத் தொடங்கினார். கல்லாகக் கிடந்தது. நகத்தால் முடியவில்லை. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார். கெட்ட வார்த்தையில் திட்டினார். கடைசியில் வாயில் வைத்துப் பல்லால் இழுத்தார். பழைய வேர்வையின் உப்பு நாக்கில் பட்டது. முடிச்சு விட்டது. சுருங்கிப்போயிருந்த வளையத்தைக் கையால் நீவி நீவி விரித்தார்.

தெருமுனைக் கடையில் நாராயணசாமி அதே கதையில் இருந்தார். சுற்றி நாலைந்து பேர். "மூக்கோட மூக்கு இடிக்குது, நான் வுடல. நான் மட்டும் அன்னிக்கு..." தோளில் பெல்ட்டோடு முனியப்பன் வருவதைப் பார்த்ததும் வார்த்தை பாதியில் நின்றது. கூட்டம் விலகியது. கடைக்காரர் முன்வரிசை பிஸ்கட் பாட்டில்களை உள்ளே நகர்த்தினார். நிச்சயதார்த்தப் பந்தி எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

முனியப்பன் எதிரில் வந்து நின்றார். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. அதை மாற்ற அவருக்கு வராது.

"ஏன் நிறுத்திட்ட? சொல்லு. முழுசா சொல்லி முடி."

நாராயணசாமி கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்தார். "அதான்... நான் மட்டும் அடியில புடிக்கலன்னா..."

"ஆமா. புடிக்கலன்னா என் பொண்டாட்டி கீழ விழுந்திருப்பா" என்றார் முனியப்பன், எல்லோருக்கும் கேட்கும்படி. "இப்ப அவளை இறக்கணும். ஒண்டியா என்னால முடியாது. வாய்யா."

நாராயணசாமி டீ கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். முனியப்பன் அதை வாங்கிக் கடைப் பலகையில் வைத்தார். பெல்ட்டின் பிரித்த வளையத்தை எடுத்து நாராயணசாமியின் தோளில் மாட்டினார், நீளம் சரியா என்று இழுத்துப் பார்த்தார், பிறகு அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.